பின்னால் பாயும் இறால்

என் தங்கையின் மகளுக்கு இடி பயமில்லை. பஸ்ஸின் ஹோன் பயமில்லை. நாய் குரைத்தால் நின்று அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடப்பாள். அவளுக்குப் பயம் "டிக்" என்கிற சத்தம். யாராவது பேனையின் பின்பக்கத்தை அழுத்தினால் போதும், கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள். பட்டனை அழுத்தினால் விரிகிற குடை, உடுப்புக் காயப்போடும் கிளிப்பு, என் கடையில் இருக்கும் சைக்கிள் கரியரின் கவ்வி, எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

கோயில் திருவிழாவில் தொடங்கியது அது. வெளிவீதியில் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் துவக்கும் மஞ்சள் குண்டும் வாங்கிய பிள்ளைகள் கூட்டமாக ஓடித் திரிந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் இருந்து ஒரு குண்டு வந்து இவளுடைய இடது கண்ணின் மூலையில் பட்டது. சுட்டது யார் என்று அன்றைக்கும் தெரியாது, பிறகும் தெரியவில்லை. கண் இரத்தமாகச் சிவந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, பார்வைக்கு ஒன்றும் இல்லை, கடவுள் புண்ணியம் என்று அனுப்பினார்கள். சிவப்பு ஆறியது. கை மட்டும் கண்ணைவிட்டு இறங்கவில்லை.

முன்பள்ளியில் மற்றப் பிள்ளைகள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பின்னால் வந்து நாக்கால் "டிக்" என்பார்களாம். அவள் கண்ணைப் பொத்தும்போது எல்லோரும் சிரிப்பார்களாம். சின்னப் பிள்ளைகள்தான், கெட்ட எண்ணம் கிடையாது. ஆனாலும் அவள் போகமாட்டேன் என்று நின்றுவிட்டாள். தை மாதம் முதலாம் வகுப்பு தொடங்கும். என் தங்கை அதை நினைத்து நினைத்து மெலிந்து போனாள்.

"அண்ணே, ஒரு வகுப்பில எத்தின பேனை, எத்தின பென்சில் பெட்டி? ஒவ்வொண்டுக்கும் இவள் கண்ணப் பொத்திக்கிட்டு இருந்தா எப்ப எழுத்தப் பாக்கிற?" என்று கேட்டாள்.

பொதுவாகவே எனக்குப் பதில் வருவது குறைவு. பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு நின்றது. சண்டைக் காலம் அது, என் விருப்பத்தில் நின்றதல்ல. இவளுக்கு அது தொடங்காமலே நின்றுவிடுமோ என்ற யோசனை அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழி முழுக்க என்னோடு வந்தது.

தங்கை இருப்பது கடலோடு கலக்கும் வாவிக்கு மேற்குப் பக்கம், பழுகாமத்துக்குக் கிட்ட. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும், ஆண் கலியாணம் முடித்தால் மனைவி வீட்டுக்குப் போவான். அதனால் நான் கிழக்குப் பக்கம், கடற்கரை வீதியில், மனைவியின் வீட்டில் இருக்கிறேன். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டில் ஒன்று போட்டு சைக்கிள் திருத்துகிறேன். கொட்டிலுக்குள் என் மேசை சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. வருகிறவர்கள் என் முதுகோடு பேசுவார்கள், நான் சைக்கிள் சில்லோடு பேசுவேன். அது எனக்கு வசதி.

தங்கையும் மகளும் வரும் நாட்களில் முதலில் நான் ஸ்பிரிங் உள்ள எல்லாவற்றையும் ஒளித்துப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது, ஒரு சைக்கிள் கடையில் எத்தனை ஸ்பிரிங் இருக்கிறது என்று. ஸ்டாண்டில் ஒன்று, பிரேக்கில் ஒன்று, சீற்றுக்குக் கீழே இரண்டு, மணிக்குள்ளே ஒன்று. இவ்வளவையும் ஒளித்த பிறகு ஒருவர் வந்து ஸ்டாண்டைக் காலால் தட்டினார். பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். உலகத்தில் உள்ள ஸ்பிரிங்குகளை என்னால் ஒளிக்க முடியாது.

ஒரு சனிக்கிழமை காலை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய புருஷன், என் மச்சான், வாவியில் வலை போடுகிறவர். வாவி என்பது எழுத்தில்தான், பேச்சில் எங்களுக்கு அது ஆறு. அப்போதுதான் ஆற்றால் வந்து கூடையை முற்றத்தில் வைத்திருந்தார். கூடைக்குள் இறால் உயிரோடு துள்ளிக்கொண்டிருந்தது. பிள்ளை கூடைக்குப் பக்கத்தில் குந்தி இருந்து, ஈர்க்கில் ஒன்றால் இறாலின் மீசையைத் தொடுகிறாள். தொட்டதும் அது "டிக்" என்று வாலை அடித்துப் பாய்கிறது. அவள் சிரிக்கிறாள். மறுபடியும் தொடுகிறாள்.

நான் என் தங்கையைப் பார்த்தேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், கவனிக்கவில்லை. சத்தம் அதே சத்தம். பேனைச் சத்தத்தைவிடப் பெரிய சத்தம். பிள்ளையின் இரண்டு கையும் முழங்காலில் இருந்தன.

"மளே, இறாலுக்குப் பயமில்லையா?" என்று கேட்டேன்.

"அது அங்கால தானே மாமா பாயுது" என்றாள், என்னைப் பார்க்காமலே.

இறாலின் முகத்துக்கு நேரே நின்று அதைத் தொட்டால் அது பின்னால் பாயும். பயந்தாலும் பின்னால், கோபித்தாலும் பின்னால். ஆற்றங்கரையில் பிறந்த எனக்கு இது தெரியாத விஷயமா? ஆனால் அன்றைக்குத்தான் அதைப் பற்றி யோசித்தேன். பேனை, குடை, துவக்கு எல்லாம் நம்மைப் பார்த்து வருகின்றன, அல்லது எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் வருகின்றன. இறால் தொட்டவரை விட்டுப் போகிறது. தொடுவதும் அவள்தான், எப்போது என்று தீர்மானிப்பதும் அவள்தான். உயிருள்ள இறால் நல்ல விளையாட்டுச் சாமான், ஆனால் மத்தியானத்துக்குக் கறியாகிவிடும். பின்னால் பாய்கிற இறால் ஒன்றை நான் செய்து கொடுத்தால், அதன் "டிக்" அவளுக்குப் பழகினால், மற்ற "டிக்"குகளும் மெல்லப் பழகலாம். அப்படித்தான் தொடங்கினேன்.

முதலில் பழப்பெட்டிப் பலகையில் ஓர் இறால் வெட்டினேன். பிரேக் ஸ்பிரிங்கை வாலுக்குப் போட்டேன். அது கொட்டிலின் தகரத்தில் போய் மோதி, பக்கத்து வீட்டுக் கோழிகளைக் கலைத்தது. அதை எடுத்து அடுப்பில் வைத்தேன்.

மெதுவான உடம்பு வேண்டும். ஒவ்வொரு மாரியும் ஆற்றங்கரையில் ஒற்றைச் செருப்புகளை நிறைய ஒதுக்கிவிட்டுப் போகும், இறப்பர் செருப்புகள். ஒரு காலுக்கு மட்டும் இருப்பதால் யாரும் எடுப்பதில்லை. நான் பொறுக்கி வந்து கழுவிக் காயவைத்து, பிளேட்டால் வெட்டினேன். நாவற்பழ நிறத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, இளஞ்சிவப்பில் ஒன்று. மை பூசவில்லை. பிள்ளைகள் எதையும் வாயில் வைப்பார்கள், செருப்பின் நிறமே போதும் என்று விட்டேன்.

ஸ்பிரிங்குக்கு உடுப்புக் கிளிப்பு சரியாக வந்தது. கிளிப்பின் நடுவில் இருக்கிற அந்தச் சின்னச் சுருள் கம்பி எப்போதும் மூடத்தான் பார்க்கும். இறாலின் வாலும் வயிற்றுக்குள் மூடத்தான் பார்க்கும். கம்பியின் ஒரு கையை உடம்புக்குள்ளும் மறு கையை வாலுக்குள்ளும் ஏற்றினேன். வாலை நிமிர்த்தி முதுகில் இருக்கும் சின்னக் கொக்கியில் மாட்டினால் அப்படியே நிற்கும். தலையை விரலால் அழுத்தினால் கொக்கி கழன்று, வால் உள்ளே சுருண்டு நிலத்தை உதைக்கும், இறால் பின்னால் பாயும்.

கிளிப்பு வாங்குவதற்குக் காத்தான்குடியில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் நானாவிடம் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். அவருடைய மகனின் சைக்கிளை நான்தான் திருத்துகிறேன். ஒரு பக்கெற் வாங்கிய மறு கிழமை இன்னொரு பக்கெற் கேட்டேன்.

"என்ன தம்பி, ஊட்டுல உடுப்புக் கழுவுற வேலையும் ஒங்களுக்கா?" என்றார். கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகியது. சட்டைப் பையில் இருந்த இறாலை எடுத்து மேசையில் வைத்துத் தலையை அழுத்தினேன். அது பாய்ந்து கற்பூரப் பெட்டிகளுக்குள் விழுந்தது.

நானா அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அடேயப்பா! இதென்ன, செருப்பா? செருப்ப இறாலாக்கி வெச்சிரிக்காரு மனிசன்! இன்னும் கொஞ்சம் ஒசரப் பாஞ்சா நல்லா விக்கலாம் தம்பி."

"ஒசரப் பாயக் கூடா நானா" என்றேன்.

"ஏன் கூடா?"

பிள்ளையின் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார். உள்ளே போய் உடைந்த கிளிப்புகள் கிடந்த ஒரு பையைக் கொண்டு வந்து தந்தார். "மரம்தான் ஒடஞ்ச, கம்பி நல்லா இரிக்கி. கொண்டு போங்க" என்றார். காசு வாங்கவில்லை.

ஆனால் கம்பி நல்லா இருந்தது கொஞ்ச நாளைக்குத்தான். எங்கள் பக்கத்துக் காற்றில் உப்பு. ஜன்னலில் வைத்த இறாலின் ஸ்பிரிங் துருப்பிடித்து, ஒரு நாள் நான் வாலை நிமிர்த்தும்போது சட்டென்று முறிந்தது. முறிந்த முனை ஊசி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. ஒரு கண்ணை ஆற்றப் போய் இன்னொரு கண்ணைக் குத்துகிற சாமானைச் செய்து வைத்திருக்கிறேன்.

பழைய சைக்கிள் சில்லில் காற்று வால்வுக்கு ஒரு மெல்லிய இறப்பர் ரியூப் போடுவோம், நூடில்ஸ் தடிப்பத்தில் இருக்கும். அதில் துண்டு வெட்டி, கம்பிக்குத் தேங்காய் எண்ணெய் பூசி, இரண்டு கையையும் அந்த ரியூப்புக்குள் விட்டேன். நடுச் சுருளைப் பழைய ரியூப் இறப்பரால் சுற்றி ஒட்டினேன். இனிக் கம்பி முறிந்தாலும் முனை வெளியே வராது. முறித்தே பார்த்தேன். வரவில்லை.

என் மனைவி இதையெல்லாம் சமையலறை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தாள். அவள் அந்த வீதியில் இருக்கும் முன்பள்ளியில் ரீச்சருக்கு உதவியாக இருக்கிறவள். பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியாத எல்லாம் அவளுக்குத் தெரியும்.

"கண்ணுக்கு என்ன வெச்சிருக்கீங்க? இஞ்ச தாங்க பாப்பம்" என்று வாங்கினாள். இறாலுக்குக் கறுத்த பாசிமணி இரண்டு கண்ணாக ஒட்டியிருந்தேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அவள் நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளி மணியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"நான் கழட்டினது ஒரு கிள்ளில. புள்ளையள் பல்லால கழட்டும். மறுகா மூக்குக்குள்ள வெச்சிக்கிட்டு வந்து நிக்கும். நீங்க வந்து எடுப்பீங்களா?"

மணியை விட்டுவிட்டு, சூடான கம்பியால் இரண்டு புள்ளி சுட்டேன். கண் மாதிரியே இருந்தது. அவள் விடவில்லை. வாலை நிமிர்த்தி, தன் சின்ன விரலை வாலுக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்து, என்னைத் தலையை அழுத்தச் சொன்னாள்.

"வேணாம்" என்றேன்.

"என்ட விரல்தானே, அமத்துங்க."

அழுத்தினேன். முகம் சுளித்தாள். "எறும்பு கடிச்ச மாதிரித்தான். ஆனா அழுவாங்கள்" என்றாள். வயிற்றுப் பக்கத்தில் விரல் கிடக்கும் அளவுக்குக் குழி எடுத்தேன். மறுபடி வைத்தாள், மறுபடி அழுத்தினேன். "ஓம், இப்ப சரி" என்று எழுந்து போனாள்.

அதற்குப் பிறகு நான் அதை எத்தனையோ தரம் பாய விட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் மேசையில் வைத்து, அதன் முகம் என்னைப் பார்க்க, வால் சுவரைப் பார்க்க. ஒவ்வொரு தரமும் அது என்னைவிட்டு விலகிப் போய்ச் சுவரில் மெத்தென்று பட்டு விழுந்தது. என் முகத்துக்கு ஒரு தடவைகூட வரவில்லை. எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்று பின்னேரம் வந்த வாடிக்கைக்காரர் ஒருவர் "என்ன இண்டைக்கு முகத்தக் காட்டிக் கதைக்கிறீங்க?" என்று கேட்டார்.

தங்கையின் மகளிடம் கொண்டு போவதற்கு முன் வேறு பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். முன்பள்ளி விட்ட பிறகு வீட்டுக்குப் போகாமல் நின்ற ஐந்தாறு பிள்ளைகளை எங்கள் முற்றத்துக்குக் கூட்டி வந்தாள். பாய் விரித்தாள். பிள்ளைகள் வந்து பாயில் இருந்தார்கள். எப்படி இருந்தார்கள்? பிள்ளைகள் எப்படி இருப்பார்களோ அப்படி, வட்டமாக. இறாலை நடுவில் வைத்தார்கள். ஒரு பெண்பிள்ளை முந்திக்கொண்டு தலையை அழுத்தினாள்.

இறால் பின்னால் பாய்ந்து, எதிரே இருந்த பையனின் வாய்க்குக் கீழே, நாடியில் பட்டது.

அவனுக்கு நோகவில்லை. செருப்பு இறப்பர் அது, பஞ்சு மாதிரி. அவன் நாடியைத் தடவிக்கொண்டு, "இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் நான் பார்த்தது வேறு. இறால் வருவதைக் கண்டதும் அந்தப் பையனின் இரண்டு கண்ணும் இறுக மூடிக்கொண்டன. அவன் துணிந்தவன், திறந்துவிட்டான். அந்த இடத்தில் என் மருமகள் இருந்திருந்தால்?

நான் இறாலை எடுத்துக்கொண்டு கொட்டிலுக்குள் போய், மேலே ரயர்களுக்குப் பின்னால் வைத்துவிட்டேன். மேசையைப் பார்த்தேன், சுவரைப் பார்த்தேன். எனக்கு எதிரே யாரும் இருந்து பழக்கமில்லை. அதனால் இறாலின் பின்னால் ஒரு சுவர்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். ஆற்றில் இறால் பின்னால் பாயும்போது அங்கே தண்ணீர். பிள்ளைகள் விளையாடும்போது அங்கே இன்னொரு பிள்ளை.

மழை தொடங்கியது. கார்த்திகை போய் மார்கழி வந்துகொண்டிருந்தது. ரயர்களுக்குப் பின்னால் இறால் அப்படியே கிடந்தது. தங்கை தொலைபேசியில் பேசும்போதெல்லாம் பள்ளிக்கூடச் சட்டை தைக்கக் கொடுத்ததைச் சொன்னாள், பிள்ளை அதைப் போட்டுப் பார்க்க மறுத்ததையும் சொன்னாள். நான் "ம்" என்றேன்.

ஒரு நாள் மச்சான் பின் சில்லில் காற்றுப் போய், சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நனைந்து போயிருந்தார். மனைவி கொடுத்த தேத்தண்ணியை வைத்துக்கொண்டு என் பின்னால் நின்று கதைத்தார். ரியூப் எடுக்க நான் மேலே கையை விட்டபோது இறால் அவர் காலடியில் விழுந்தது.

"இதா அந்த இறால்? அக்கா சொன்னவ. மச்சான் இறால் வளக்கிறாரு எண்டு." அக்கா என்று அவர் சொன்னது என் மனைவியை. எடுத்துப் பார்த்துவிட்டு வாலை நிமிர்த்தினார். தலையை அழுத்தினார். அது பாய்ந்தது. "அச்சா! சும்மா வெள்ளிறால் மாதிரியே பாயுதே. ஏன் மேல ஏத்தி வெச்சிருக்கீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவருக்குச் சொல்வது எனக்கு லேசு, அவரும் என் முதுகோடுதான் பேசுவார்.

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு சிரித்தார்.

"மச்சான், நீங்க ஆத்தங்கரையில பொறந்த ஆள்தானா? இறாலப் பிடிக்கிறவன் எவடத்த நிக்கிறவன்? முன்னால நிண்டு பிடிக்கிறவன் ஆரு? அத்தாங்க பின்னால வெச்சிக்கிட்டு, முன்னால கால அசைச்சா அது தானா வந்து வலைக்குள்ள விழும். பின்னால நிக்கிறவனுக்கு வலை வேணும், அவ்வளவுதான். வலை இல்லாம நிண்டவன்ட நாடியில அடிக்காம அது என்ன செய்யும்?"

அத்தாங்கு என்பது கைப்பிடி போட்ட சின்ன வலை. வீட்டுக்கு வீடு கிடக்கும். அதை நான் நினைக்கவே இல்லை.

அவர் போன பிறகு பழைய சைக்கிள் கம்பி ஒன்றை வளைத்து வளையமாக்கி, முனைகளை ரியூப்பால் மூடி, மறுநாள் மச்சான் கொண்டு வந்து தந்த கிழிந்த வலையில் ஒரு துண்டைக் கட்டினேன். பிள்ளைகளின் முகத்தை மறைக்கும் அளவுக்கு வலையின் வாயை அகலமாக வைத்தேன். ஸ்பிரிங்கில் ஒரு சுற்றைத் தளர்த்தி, உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் நெஞ்சுக்கு மேலே எழாதபடி செய்தேன். அதோடு ஒரு சட்டமும் வைத்தேன். வலை பிடிப்பவர் "விடு" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் மற்றவர் அழுத்தலாம். சொல்லாவிட்டால் எவ்வளவு நேரமானாலும் பொறுக்க வேண்டும்.

மனைவியின் முன்பள்ளிப் பிள்ளைகள் மறுபடியும் வந்தார்கள். முந்தி நாடியில் அடி வாங்கிய பையன்தான் முதலில் வலையைப் பறித்தான். "விடு, விடு, விடு!" என்று இறாலை மாட்ட முதலே கத்தினான். அவர்கள் சண்டை பிடித்தது வலைக்காக. இறாலை அழுத்துவதற்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன்.

மழை விட்ட ஒரு பின்னேரம். முற்றத்தில் பாய் போட முடியாது, உள்ளே விறாந்தையில் இருந்தோம். நான் இறாலை வைத்து, "டிக்" என்று சத்தம் வரும், அது பின்னால் பாயும் என்று சொன்னேன். பிள்ளை கையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போய்விட்டாள், இன்னும் பொத்தவில்லை.

"நீ இஞ்ச, தலைப் பக்கம் இரு மளே. நான் அங்கால வலையோட இருக்கிறன்" என்றேன்.

அவள் இறாலைச் சுற்றி வந்தாள். கண்ணுக்குச் சுட்ட புள்ளிகளைப் பார்த்தாள். வாலைப் பார்த்தாள். பிறகு நான் நினைக்காததைச் செய்தாள். என் கையில் இருந்த வலையை வாங்கிக்கொண்டு வால் பக்கம் போய்ச் சப்பணம் போட்டு இருந்தாள்.

"அண்ணே, வேணாம்" என்றாள் தங்கை, மெல்ல. "அவள் அங்கால இருக்கக் கூடா. அவளுக்கு நேர வரும்."

எனக்கும் அதே பயம்தான். இவ்வளவு நாள் செய்த வேலை முழுக்க இது அவளைப் பார்த்து வரக்கூடாது என்பதற்காக. மச்சான் கதவில் சாய்ந்து நின்று, "அவள் இறால் பிடிக்கிறவன்ட மகள். விடுங்க, இருக்கட்டும்" என்றார்.

நான் வாலை நிமிர்த்தி மாட்டினேன். விரலைத் தலைக்கு மேலே வைத்தேன். அவள் வலையை இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் பிடித்திருந்தாள். வலைக் கண்களுக்குள்ளால் அவளுடைய கண் தெரிந்தது.

"நான் சொன்னாத்தான்" என்றாள்.

"ஓம், நீ சொன்னாத்தான்."

"இப்ப இல்ல."

பொறுத்தேன். வெளியே கூரையில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பவும் இல்ல" என்றாள்.

தங்கை ஏதோ சொல்ல வாயெடுத்தாள், மச்சான் கையைக் காட்டி நிறுத்தினார். பிள்ளை வலையைக் கீழே வைத்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். என் விரல் அங்கேயே இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. வந்து இருந்தாள். மறுபடியும் வலையைத் தூக்கினாள். எனக்குக் கை உளையத் தொடங்கியது. ஆனால் அந்த நேரத்தில் ஒன்று விளங்கியது. அவள் இறாலைச் சோதிக்கவில்லை. என்னைச் சோதித்துக்கொண்டிருந்தாள். திருவிழாவில் யாரும் அவளிடம் கேட்கவில்லை. பேனையை அழுத்துகிறவரும் கேட்பதில்லை, குடையை விரிக்கிறவரும் கேட்பதில்லை. கேட்டுவிட்டுப் பொறுக்கிற ஒருவர் உண்டா என்று அவள் பார்த்தாள்.

"விடு" என்றாள். சரியாகக் கேட்கவில்லை.

"சொன்னியா மளே?"

"விடு எண்டன்!"

அழுத்தினேன். டிக். இறால் பாய்ந்து, வலையின் ஓரத்தில் பட்டு, அவளுடைய மடியில் விழுந்தது.

நாங்கள் மூன்று பேரும் அவளுடைய கண்ணைத்தான் பார்த்தோம். மூடினாள். இறுகத்தான் மூடினாள். ஆனால் கை கண்ணுக்குப் போகவில்லை. இரண்டு கையும் வலையின் கைப்பிடியில் இருந்தன. பிறகு ஒரு கண்ணைத் திறந்து மடியைப் பார்த்தாள், மற்றக் கண்ணையும் திறந்தாள்.

"விழுந்திட்டு" என்றாள். "வலைக்குள்ள விழேல்ல. இன்னொருக்கா."

அடுத்ததும் விழவில்லை. அதற்கு அடுத்தது விழுந்தது. தங்கை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள், அங்கே பாத்திரம் ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவள் வலையை என்னிடம் நீட்டினாள். "மாமா, இப்ப நீங்க இஞ்சால இருங்க. நான் அமத்திறன்."

நான் வால் பக்கம் போய் இருந்தேன். ஒருவருக்கு நேரே முகம் கொடுத்து இருப்பது எனக்கு எப்போதும் கஷ்டம், அது சின்னப் பிள்ளையாக இருந்தாலும். வலையைத் தூக்கினேன். அவள் விரலைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"சொல்லுங்க மாமா."

"விடு."

"கேக்கல்ல. சத்தமாச் சொல்லுங்க."

"விடு!" என்றேன். என் சத்தம் எனக்கே புதிதாக இருந்தது. டிக் என்றது. அதோடு அவள் கைகொட்டிச் சிரிக்கிறாள். "அப்பா, மாமா கண்ண மூடிட்டாரு! மாமா கண்ண மூடிட்டாரு!"

மூடித்தான் விட்டேன்.

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் நல்ல மழை. நான் கடையில் இருந்தேன். மத்தியானம் தங்கை தொலைபேசி எடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பள்ளிக்கூடம் விட்டு வாசலில் நிற்கும்போது, வகுப்பு ரீச்சர் பிள்ளையைத் தன் குடைக்குள் சேர்த்து அனுப்ப வந்திருக்கிறா. பட்டனை அழுத்தினால் விரிகிற குடை. ரீச்சர் அதைத் தூக்கியதும் பிள்ளை ஓர் அடி பின்னால் போய், "பொறுங்க ரீச்சர்" என்றாளாம். ரீச்சருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் நல்ல மனிசி, பொறுத்திருக்கிறா.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"அதயேன் கேக்கிறாய் அண்ணே! அவட தலையெல்லாம் நனைஞ்சு சொட்டுது. நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டா, இவள் என்னயும் பொறுக்கச் சொல்றாள்."

"மறுகா என்ன நடந்த?"

"மறுகா, விடுங்க ரீச்சர் எண்டாள்."